வாரக் கூட்டத்தைக் குறைத்தால் சார்ட்டர் போய்விடுமா?

கேள்வி: எங்கள் ஊர் ரோட்டரி சங்கத்தில் 38 உறுப்பினர்கள். வரும் ஜூலையில் நான் செயலாளர் பொறுப்பை ஏற்கிறேன். புதிய தலைவர் நான்கு மாற்றங்களைச் சொல்கிறார்: வாரக் கூட்டத்தை மாதம் இரண்டாகக் குறைக்க வேண்டும், வருகைப் பதிவேட்டை எடுத்துவிட வேண்டும், மனைவியருக்குப் பாதிக் கட்டணத்தில் குடும்ப உறுப்பினர் என்று ஒரு வகை வேண்டும், ரோட்டரியின் இளைஞர் அமைப்பான ரோட்டராக்டில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் (வயது 71, ரோட்டரியில் 24 ஆண்டு), “வாரம் ஒரு கூட்டம் என்பது அமைப்பு விதி. அதில் கைவைத்தால் சார்ட்டர் (சங்கத்தின் அங்கீகாரம்) போய்விடும்” என்கிறார். தலைவரோ, “அதெல்லாம் 2016லேயே மாறிவிட்டது” என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் பாதி சரி. உங்கள் சங்கத்தின் பைலாவை, அதாவது சங்கம் தனக்கென்று எழுதிக்கொண்ட விதிகளைப் பார்க்காமல் இருவரும் பேசுகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

ரோட்டரியின் விதிகளை மாற்றும் அதிகாரம் சட்டமியற்றும் கவுன்சிலிடம் இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அது கூடும். ரோட்டரி மாவட்டத்துக்கு (அரசு மாவட்டம் அல்ல, பல சங்கங்கள் சேர்ந்த பிரிவு) ஒரு பிரதிநிதி வாக்களிப்பார். அங்கே நிறைவேறுவது ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வரும். தலைவர் சொல்லும் 2016 கவுன்சில், கொழும்பைச் சேர்ந்த கே.ஆர். ரவீந்திரன் உலகத் தலைவராக இருந்த ஆண்டில் சிகாகோவில் கூடியது. கூட்டம், வருகை, உறுப்பினர் வகை ஆகியவற்றில் சங்கங்கள் தாங்களே முடிவெடுத்துக்கொள்ளலாம் என்று அது வழிவிட்டது உண்மை. ஆனால் அது வாரக் கூட்ட விதியை அழித்துவிடவில்லை. சங்கங்களுக்குப் பொதுவான மாதிரி அமைப்பு விதியில் ‘வாரம் ஒரு கூட்டம்’ என்ற வரியை அப்படியே வைத்துக்கொண்டு, ‘சங்கம் தன் பைலாவில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் அதுவே செல்லும், ஆனாலும் மாதம் இரண்டு கூட்டங்களாவது நடந்தாக வேண்டும்’ என்று ஒரு விலக்கைச் சேர்த்தது. வீட்டுக்குப் பின்வாசல் வைத்துக் கொடுத்தார்கள். பூட்டைத் திறக்க வேண்டியவர்கள் நீங்கள்.

ஆகவே உங்கள் பைலாவில் ‘ஒவ்வொரு வியாழக்கிழமையும்’ என்று இன்னும் இருந்தால், மூத்தவர் சொல்வதுதான் இன்றைய நிலை. 2016 முடிந்து இத்தனை ஆண்டுகள் கழிந்தும், பைலாவைத் தொடாமலே கூட்டத்தைப் பாதியாக்கிவிட்டு நிம்மதியாக நடக்கும் சங்கங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தகராறு வராத வரை எதுவும் தெரியாது. நான் செயலாளராக இருந்த சங்கத்தில் தகராறு வந்தது. வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் படங்களை எண்ணி, மாதம் இரண்டு கூட்டம் என்று முடிவு செய்துவிட்டோம். டிசம்பரில் அடுத்த ஆண்டுக்கான தேர்தல் நடந்தபோது, தோற்ற தரப்பு பைலாவை மேசையில் வைத்தது. “நீங்கள் ரத்து செய்த கூட்டங்களை எந்த விதியின்படி ரத்து செய்தீர்கள்?” என்று கேட்டது. என்னிடம் பதில் இல்லை. இரண்டு மாதம் மாவட்டத் தலைமைக்குக் கடிதம் எழுதியே கழிந்தது.

அமைப்பு விதி, பைலா இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 1922 ஜூன் 6க்குப் பிறகு சேர்ந்த எல்லாச் சங்கங்களும் மாதிரி அமைப்பு விதியை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். அதில் உங்கள் சங்கத்தின் பெயர், எல்லை போன்றவற்றைத் தவிர வேறு எதையும் நீங்கள் மாற்ற முடியாது. கவுன்சில் மாற்றினால் தானாக மாறும். அலமாரியில் இருக்கும் பழைய அச்சுப் பிரதியை நம்பாமல், ரோட்டரியின் இணையதளத்திலிருந்து நடப்புப் பதிப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பைலா உங்களுடையது. அதை நிர்வாகக் குழு மட்டும் கூடி மாற்ற முடியாது. உறுப்பினர் கூட்டம் மாற்ற வேண்டும். ரோட்டரி பரிந்துரைக்கும் மாதிரி பைலாவை ஏற்றிருந்தால், எழுத்துமூல முன்னறிவிப்பு வேண்டும் (பழைய மாதிரியில் 10 நாள், பிந்தையதில் 21 நாள், உங்களுடையதில் எது இருக்கிறதோ அது), உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வந்திருக்க வேண்டும், விழுந்த வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவாக இருக்க வேண்டும். 38 பேரில் 13 பேர் வந்தால் கோரம் சேர்ந்துவிடும். அந்த 13ல் 9 பேர் கை தூக்கினால் பைலா மாறிவிடும். சட்டப்படி செல்லும். ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். இருபத்தைந்து பேராவது வரும் நாளில் வையுங்கள். சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழும் பதிவாகியிருந்தால், மாவட்டப் பதிவாளரிடம் என்ன தாக்கல் செய்ய வேண்டும் என்று உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரோட்டரி விதிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எழுதும்போது ‘மாதம் இருமுறை’ என்று மொட்டையாக எழுதாமல், ‘ஒவ்வொரு மாதமும் முதல், மூன்றாம் வியாழக்கிழமை’ என்று எழுதுங்கள். கண் சிகிச்சை முகாமையோ மரம் நடும் நாளையோ கூட்டமாகக் கணக்கிட வேண்டுமா, இணையவழிக் கூட்டமும் செல்லுமா என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் இடமிருக்கிறது. இன்னொன்று: உங்கள் தலைவருக்கு உண்மையில் வேண்டியது வருடம் முழுவதும் பாதிக் கூட்டம்தானா என்று கேட்டுப் பாருங்கள். வாரக் கூட்ட விதியிலேயே நெகிழ்வு இருக்கிறது. பண்டிகை வரும் வாரத்தில் கூட்டத்தை நிர்வாகக் குழு ரத்து செய்யலாம். பொங்கல், தீபாவளி, ஆயுத பூஜை எல்லாம் அதில் அடங்கிவிடும். அதுபோக வேறு காரணங்களுக்காக ஆண்டுக்கு நான்கு கூட்டங்கள் வரை ரத்து செய்யலாம், தொடர்ந்து மூன்றுக்கு மேல் கூடாது. பல ஊர்களில் வாரக் கூட்டம் கசப்பதற்குக் காரணம் கூட்டமல்ல, ஓட்டல் சாப்பாட்டு பில். அப்படியானால் சாப்பாட்டை மாதம் ஒருமுறை ஆக்கிவிட்டு மற்ற வாரங்களில் காபியோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு எந்த விதியையும் திருத்த வேண்டியதில்லை.

வருகைப் பதிவேடு. பைலாவில் ஒன்றும் சொல்லாவிட்டால், அரையாண்டுக்கு 50 சதவீதக் கூட்டங்களுக்கு வர வேண்டும் அல்லது வேறு சங்கத்தின் கூட்டத்துக்குப் போவது போன்ற வழிகளில் ஈடு செய்ய வேண்டும். அல்லது சங்கத்தின் பணிகளில் 12 மணி நேரம் ஈடுபட்டிருக்க வேண்டும். தொடர்ந்து நான்கு கூட்டங்களுக்கு வராதவரை நிர்வாகக் குழு கேள்வி கேட்கலாம், நீக்கவும் செய்யலாம். இதை முழுவதும் தளர்த்த 2016 இடம் கொடுத்தது. என்றாலும் பதிவேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். வருகையைக் குறித்து வைப்பது வேறு, வராதவரை நீக்குவது வேறு. வந்தவர் பட்டியல் இல்லாவிட்டால், நாளை ஒரு தீர்மானத்துக்குக் கோரம் இருந்ததா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? நீக்கும் விதியை மட்டும் தளர்த்துங்கள்.

குடும்ப உறுப்பினர் விஷயத்தில்தான் பெரும்பாலான சங்கங்கள் கையைச் சுட்டுக்கொள்கின்றன. குடும்பம், நிறுவனம், இணை உறுப்பினர் என்று எந்தப் பெயர் வேண்டுமானாலும் நீங்கள் வைக்கலாம். ஆனால் ரோட்டரி இன்டர்நேஷனல் கணக்கில் இரண்டே வகைதான்: செயல் உறுப்பினர், கௌரவ உறுப்பினர். செயல் உறுப்பினராக ஒருவர் பெயரைப் பதிவு செய்த கணத்தில் அவருக்கு முழுச் சந்தா உண்டு. அதில் பாதி, கால் கிடையாது. 2022 கவுன்சில் நிர்ணயித்தபடி அது 2023-24ல் ஆண்டுக்கு 75 டாலர், 2024-25ல் 78.50 டாலர், 2025-26ல் 82 டாலர். மாவட்டக் கட்டணமும் பத்திரிகைச் சந்தாவும் தனி. நீங்கள் பாதியாக்க முடிந்தது உங்கள் சங்கத்தின் சொந்தக் கட்டணத்தை மட்டுமே. 20 பேரின் மனைவியரைப் பாதிக் கட்டணத்தில் சேர்த்துவிட்டு, ஜூலை பில் வந்ததும் பொருளாளர் விழிப்பதை நினைத்துப் பாருங்கள். பில் ஜூலை 1, ஜனவரி 1 ஆகிய தேதிகளின் உறுப்பினர் பட்டியலை வைத்து வருகிறது. விலகியவர் பெயரை அதற்கு முன்பே எடுக்காவிட்டால் அவருக்கும் சேர்த்துக் கட்ட வேண்டியதுதான்.

அப்படியானால் மனைவியரைச் சந்தா இல்லாமல் வெறும் ‘குடும்ப உறுப்பினர்’ என்று வைத்துக்கொள்ளலாமா? வைக்கலாம்; ஆனால் அவர்கள் ரோட்டரியன்கள் அல்ல, வாக்கும் பதவியும் கிடையாது. கௌரவ உறுப்பினர் ஆக்கினாலும் அதே கதைதான். என் கருத்தைக் கேட்டால், வருகிறவரை முழு உறுப்பினராகவே சேர்த்து, சங்கக் கட்டணத்தில் மட்டும் தம்பதிச் சலுகை கொடுங்கள். மனைவியரை ‘ஆன்’ (Ann) என்று அழைத்து மேடைக்குப் பூங்கொத்து கொடுக்க மட்டும் கூப்பிடும் பழக்கம் நம் சங்கங்களில் இன்னும் இருக்கிறது. அதற்கு அரை உறுப்பினர் என்று ஒரு புதிய பெயர் தேவையில்லை.

மூத்தவரின் சார்ட்டர் பயத்துக்கும் இதோடு தொடர்பு உண்டு. சார்ட்டர் உண்மையிலேயே பறிபோன கதை ஒன்று இருக்கிறது. கலிஃபோர்னியாவின் டுவார்ட்டே சங்கம் 1970களின் இறுதியில் மூன்று பெண்களைச் சேர்த்தது. அப்போது அமைப்பு விதி ஆண்களை மட்டுமே அனுமதித்தது. 1978ல் சார்ட்டர் ரத்தானது. அவர்கள் ‘முன்னாள் ரோட்டரி’ என்று பெயர் போட்டுக்கொண்டு கூடினார்கள், வழக்குத் தொடுத்தார்கள். 1987 மே 4 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1989 கவுன்சில் விதியையே மாற்றியது. டுவார்ட்டே மீறியது அமைப்பு விதியை. அதில் விலக்குக்கு வாசல் இல்லை. நீங்கள் கேட்பதற்கு வாசல் இருக்கிறது. இன்றைக்கு ஒரு சங்கம் உறுப்பினர் தகுதியை இழக்க எளிய வழி, அரையாண்டுச் சந்தாவைக் கட்டாமல் இழுத்தடிப்பது.

ரோட்டராக்ட் இளைஞர்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரோட்டராக்டிலும் ரோட்டரியிலும் ஒரே சமயத்தில் இருக்கலாம் என்று 2016ல் ஆனது. 2019 கவுன்சில் ரோட்டராக்ட் சங்கங்களையும் ரோட்டரி இன்டர்நேஷனலின் உறுப்பினர்களாக ஏற்றது. 2020 ஜூலையிலிருந்து 30 வயது வரம்பும் இல்லை. 2022 ஜூலை முதல் அவர்களுக்கும் சந்தா உண்டு: கல்லூரி சார்ந்த சங்கத்தினருக்கு 5 டாலர், ஊர் சார்ந்த சங்கத்தினருக்கு 8 டாலர். உங்கள் சங்கத்தில் சேர்ந்தால் அவர்களுக்கும் முழு ரோட்டரி சந்தா வரும். வேலைக்குப் போன முதல் ஆண்டில் அது பெரிய தொகை. முதல் இரண்டு ஆண்டுக்குச் சங்கக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று பைலாவில் ஒரு வரி சேருங்கள். எல்லாத் திருத்தங்களையும் ஒரே முன்னறிவிப்பில் அனுப்புங்கள், ஆனால் தனித்தனியாக வாக்கெடுங்கள். குடும்ப உறுப்பினர் தோற்றால் வியாழக்கிழமையும் சேர்ந்து தோற்கக்கூடாது.

கடைசியாக உங்கள் மூத்தவர். வயதும் உறுப்பினராக இருந்த ஆண்டுகளும் கூட்டினால் 85க்குக் குறையாமல் இருந்து, 20 ஆண்டாவது ரோட்டரியனாக இருந்தவர், செயலாளருக்கு எழுதிக் கேட்டு நிர்வாகக் குழுவும் ஒப்புக்கொண்டால், கூட்டத்துக்கு வராமலே இருக்கலாம். அவருக்குக் கூட்டுத்தொகை 95. ஜூலையில் இந்த விதியை அவரிடம் நீங்களே காட்டுங்கள். எழுதித் தர மாட்டார் என்பது என் ஊகம். வியாழக்கிழமை மாலை அவருக்கு வேறெங்கும் போக மனம் வராது.