ஆடாதோடை: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: ஆடு தொடாத இலை என்பதால்தான் இந்தப் பெயரா?

அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு இலையைக் கிள்ளி நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள், ஆட்டின் நியாயம் புரிந்துவிடும். கசப்புக்குக் காரணம் ஆல்கலாய்டுகள் என்ற தாவர வேதிப்பொருள்கள், முக்கியமாக வாசிசின். பூச்சியும் எளிதில் அண்டாது. பழங்களை இந்த இலைக்குள் பொதிந்து வைத்ததுகூட அதனால்தான்.

கேள்வி: இருமல் மாத்திரையும் ஆடாதோடையும் ஒன்றுதான் என்கிறார்களே?

உறவு உண்டு, ஆனால் ஒன்றல்ல. வாசிசினை முன்மாதிரியாக வைத்து ஆய்வகத்தில் உருவாக்கியதுதான் சில இருமல் மாத்திரைகளில் இருக்கும் புரோம்ஹெக்சின். 1960களில் மருந்தாக வந்தது. உடலுக்குள் போனதும் அதில் ஒரு பகுதி ஆம்ப்ராக்சாலாக மாறும். பின்னால் அதையே தனி மருந்தாக்கினார்கள். கெட்டிச் சளியை இளக்குவது இரண்டுக்கும் வேலை. இலையைக் கசக்கினால் இவை கிடைக்காது. அதில் இருப்பது வாசிசினும், அது ஆக்சிஜனோடு சேர்ந்து மாறிய வாசிசினோனும். மூச்சுக்குழலைத் தளர்த்தும் குணம் இவற்றுக்கு உண்டு என்று ஆய்வகச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். சரி, அளவு? மாத்திரை அட்டையில் மில்லிகிராம் அச்சிட்டிருக்கும். இலையிலோ செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மாறும். ‘ஒரு கைப்பிடி’ என்பது யாருடைய கை?

கேள்வி: மூன்று மாதக் கர்ப்பம். இருமல் தாங்கவில்லை. ஒரு வேளை மட்டும் கஷாயம் குடிக்கலாமா?

வேண்டாம்மா, ஒரு வேளைகூட வேண்டாம். வாசிசின் கருப்பையைச் சுருங்க வைக்கும். விலங்குச் சோதனைகளில் கரு கலைந்ததும் பதிவாகியிருக்கிறது. ‘மூலிகைதானே’ என்று யாராவது தைரியம் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மகப்பேறு மருத்துவரிடமே இருமலுக்குக் கேளுங்கள்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்கு இலைச்சாற்றைத் தேனில் குழைத்துத் தரலாமா?

சாறும் வேண்டாம், தேனும் வேண்டாம். ஒரு வயது ஆகும்வரை தேனே கூடாது. அதில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு ஒரு மாதமாக இருமல், இப்போது சளியில் ரத்தக்கோடு. ஆடாதோடை ரத்தத்தை நிறுத்துமாமே?

பழைய வைத்தியத்தில் அதற்கும் கொடுத்தார்கள், உண்மை. ஆனால் ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று இலைக்குத் தெரியாது. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கே காசநோய்ப் பரிசோதனை வேண்டும். இவருக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது. சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் நாளைக்கே எடுத்துவிடுங்கள். கஷாயத்தை அப்புறம் பார்க்கலாம்.