மூளையில் படிவு இருந்தால் மறதி நோய் வந்தே தீருமா?

கேள்வி: என் தாயாருக்கு 79 வயது. தெரிந்தவர்களின் பெயர்கூடச் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. மூளையில் புரதம் படிவதால்தான் அல்சைமர் வருகிறது என்றும், முதுமையில் பலருக்கும் அது படியும் என்றும் படித்தேன். அப்படியென்றால் வயது ஏற ஏற இந்நோய் வந்தே தீருமா? – வாசகி, மதுரை

பதில்: வந்தே தீரும் என்பதில்லை. 1906-இல் ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், மறதியால் அவதியுற்று இறந்த அகுஸ்தே டெட்டர் என்ற பெண்மணியின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகளையும் கண்டார். இவை எந்த அளவுக்கு மிகுகின்றனவோ அந்த அளவுக்கு மறதியும் மிகும் என்று எண்ணத்தான் தோன்றும்.

ஆனால் அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் 1986-இல் தொடங்கிய ஆய்வு வேறொன்றைக் காட்டியது. நோட்ரடாம் சபையைச் சேர்ந்த 678 கன்னியாஸ்திரிகள் ஆண்டுதோறும் நினைவாற்றல் சோதனைக்கு உட்பட்டதோடு, இறந்தபின் தங்கள் மூளையை ஆய்வுக்குத் தரவும் இசைந்தார்கள். இந்தக் கொடைக்கு மருத்துவ உலகம் என்றென்றும் கடன்பட்டிருக்கிறது. உணவு, உறைவிடம், பழக்கவழக்கம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்தவர்கள் என்பதால் அவர்களை ஒப்பிட்டுப் பார்ப்பது எளிதாயிற்று. ஆய்வறிக்கையில் சிஸ்டர் மேரி என்று குறிப்பிடப்படுபவர் 101 வயதில் இறக்கும் முன்பும் சோதனைகளில் நல்ல மதிப்பெண் பெற்றவர். அவர் மூளையிலோ படிவுகளும் முறுக்கிழைகளும் மண்டிக் கிடந்தன.

அதே ஆய்வின் 1997-ஆம் ஆண்டு முடிவுதான் நமக்கு மிகவும் பயன்படக்கூடியது. மூளையில் அல்சைமர் அடையாளம் இருந்தவர்களுள், நுண்ணிய ரத்தக்குழாய் அடைப்பால் மூளையின் உட்பகுதியில் சிறு சேதமும் சேர்ந்திருந்தவர்களிடமே மறதி நோய் மிக அதிகமாகக் காணப்பட்டது. படிவைத் தடுப்பது நம் கையில் இல்லாவிட்டாலும், ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது பெருமளவு நம் கையில்தான் இருக்கிறது.

பெயர் சற்றுத் தாமதமாக நினைவுக்கு வருவது முதுமையின் இயல்பு. சொன்ன பதிலை மறந்து அதே கேள்வியை மீண்டும் மீண்டும் கேட்பது, பழகிய தெருவில் வழி தவறுவது, காலமெல்லாம் வைத்த குழம்பை எப்படி வைப்பது என்று திகைப்பது ஆகியவற்றைக் கண்டால் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும் என்பதால், அவற்றுக்கான பரிசோதனைகளையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அவை சிகிச்சைக்குக் கட்டுப்படக்கூடியவை.