இளம் வயதில் தீராத நோய் வந்த பிறகு கேமராவைக் கையில் எடுத்த விளையாட்டு வீரர் யாராவது உண்டா? அவர் கதையில் உங்களைத் தொட்டது எது?

உண்டு. ஸ்டீவ் கிளீசன். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணிக்காக, பந்தைப் பெரும்பாலும் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். 33 வயதில் அவருக்கு ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய் என்று தெரிந்தது. அதன் பிறகு கேமராவைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். பேசியது ஒரே ஒருவரிடம்: இன்னும் பிறக்காத தன் பிள்ளையிடம்.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கடந்துபோக முடியாததற்குக் காரணம், என் அப்பாவுக்கும் இதே நோய்தான். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கிளீசன்.

1977-இல் பிறந்தவர். கல்லூரி அணியில் நன்றாக ஆடியும், தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் டிராஃப்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. ஓர் அணி சேர்த்துக்கொண்டு பிறகு விட்டுவிட்டது. அப்புறம்தான் செயின்ட்ஸுக்கு வந்தார். அங்கும் நட்சத்திர ஆட்டக்காரர் இல்லை. பந்தை உதைக்கும் நேரங்களில் மட்டும் இறங்கும் குழுவில்தான் பெரும்பாலும் ஆடினார். அந்த ஆட்டத்துக்கு உருவமும் சிறியது.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தது. வீடிழந்த ஆயிரக்கணக்கான மக்கள் சூப்பர்டோம் மைதானத்தில்தான் தங்கினார்கள். கூரை பிய்ந்துபோன அந்த மைதானத்தில் ஓர் ஆண்டு ஆட்டமே இல்லை, அணி ஊர் ஊராகப் போய் ஆடியது. 2006 செப்டம்பர் 25-ஆம் தேதி மைதானத்தைத் திரும்பத் திறந்தார்கள். எதிரணி அட்லான்டா ஃபால்கன்ஸ். ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, எதிரணி வீரர் பந்தைத் தூர உதைக்கப் போகிறார். நடுவிலிருந்து ஓடிவந்த கிளீசன் இரண்டு கைகளையும் நீட்டி அப்படியே பாய்ந்து பந்தைத் தடுத்தார். தெறித்த பந்தைச் சக வீரர் எல்லைக்கோட்டுக்குள் பிடித்துப் புள்ளியாக்கினார். அந்த வீடியோவில் எழும் சத்தம் வெறும் விளையாட்டுச் சத்தம் இல்லை. ஓராண்டாக அழுகையை அடக்கி வைத்திருந்த ஊர் ஒன்று வாய்விட்டுக் கத்திய சத்தம். அந்தப் பாய்ச்சலை வெண்கலச் சிலையாக வடித்து 2012-இல் மைதானத்துக்கு வெளியே வைத்தார்கள். சிலைக்குப் பெயர் ‘மறுபிறப்பு’. அதற்குள் நோய் தெரிந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது.

2008-இல் ஓய்வு, அதே ஆண்டு மிஷெலோடு திருமணம். 2011 ஜனவரியில் ஏஎல்எஸ். ஏறக்குறைய ஆறு வாரம் கழித்து மிஷெல் கர்ப்பம் என்று தெரிகிறது. இந்த இரண்டு செய்தியும் ஒரே வீட்டுக்குள் அடுத்தடுத்து வந்ததை நினைத்துப் பாருங்கள்.

ஏஎல்எஸ் என்பது மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அழியும் நோய். கட்டளை வராத தசை மெலிந்து செயலிழக்கும். சிலருக்கு முதலில் கை கால், சிலருக்கு முதலில் பேச்சு. பிறகு விழுங்குவது, கடைசியில் மூச்சு. அறிவு பெரும்பாலானவர்களுக்குத் தெளிவாகவே இருக்கும், கண்ணை அசைக்கும் தசைகளும் நெடுநாள் தப்பித்திருக்கும். குணப்படுத்த மருந்து இல்லை. நோய் தெரிந்த பிறகு பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலிருந்து ஐந்து ஆண்டு என்றுதான் மருத்துவர்கள் சொல்வார்கள்.

கிளீசனும் அதைத்தான் கேட்டிருப்பார். பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது தான் இருப்போமா, இருந்தாலும் பேச முடியுமா என்று தெரியாது. அதனால் நாற்காலியில் உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து, ஓர் அப்பா வளர வளரச் சொல்லித்தர வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே சொல்லத் தொடங்கினார். முதல் பதிவுகளில் வார்த்தை தெளிவாக இருக்கும். போகப்போக நாக்கு கனக்கும், சொல் குழறும். அவர் அதை மறைக்கவில்லை.

அவரை இயக்குநர் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கலாம். அந்தப் பதிவுகளும் வீட்டுக்குள்ளேயே இருந்து பராமரிப்பிலும் உதவிய இளைஞர்கள் எடுத்த காட்சிகளும் சேர்ந்து ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டின. அதைத் தொகுத்து ‘கிளீசன்’ என்ற ஆவணப்படமாக இயக்கியவர் கிளே ட்வீல். 2016-இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். படத்தின் பெயர்ப் பட்டியலில் கிளீசன் பெயர் எந்த இடத்தில் இருந்தாலும் சரி, எதைக் காட்டுவது, எந்த நேரத்திலும் கேமராவை அணைக்க வேண்டாம் என்று தீர்மானித்த மனிதரைப் படைப்பாளி என்றுதான் நான் சொல்வேன்.

ஒரு காட்சி. அவருடைய அப்பா தீவிர நம்பிக்கை உள்ளவர். ஜெபத்தால் நோய் தீரும் என்று ஒரு கூட்டத்துக்கு மகனை அழைத்துப் போகிறார். அங்கே ஓடச் சொல்கிறார்கள். ஒருகாலத்தில் ஓட்டத்தையே பிழைப்பாக வைத்திருந்த மனிதர் ஓடப் பார்க்கிறார், கால் வரவில்லை, விழுகிறார். மிஷெல் உடைந்துபோகிறார். அந்த அப்பாவை என்னால் வெறுக்க முடியவில்லை. பிள்ளை நடந்துவிடமாட்டானா என்று எங்கே கூப்பிட்டாலும் போகிற ஆட்களை ஆஸ்பத்திரி வராந்தாக்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். நாங்களும் போனோம்.

மிஷெலைப் படம் தெய்வமாக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கைக்குழந்தை ஒரு பக்கம், குழந்தையைப் போலவே தூக்கிக் குளிப்பாட்ட வேண்டிய கணவர் ஒரு பக்கம். களைப்பு, எரிச்சல், சண்டை, ஒன்றும் பேசாமல் சுவரைப் பார்க்கும் இரவு எல்லாம் இருக்கிறது. பராமரிக்கிறவர்களுக்கு அந்தக் காட்சிகள் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது பராமரித்தவர்களுக்குத் தெரியும்.

பிறகு மூச்சுக்கருவி வந்தது. பேச்சு முழுக்கப் போனது. கண் அசைவால் திரையில் எழுத்தைத் தேர்ந்தெடுத்தால் கணினி பேசும் கருவியைப் பயன்படுத்தினார். முன்னதாகவே குரலைப் பதிந்து வைத்திருந்ததால், அது அவர் குரலின் சாயலிலேயே பேசியது. இத்தகைய கருவிகளுக்கு அமெரிக்க மெடிகேர் காப்பீட்டில் 2014 வாக்கில் சிக்கல் வந்தபோது அவரும் சேர்ந்து போராடினார். 2015 ஜூலையில் அவர் பெயரிலேயே சட்டம் வந்தது. 2024-இல் அவருடைய சுயசரிதை வெளிவந்தது, கண்ணால் எழுதியது. நோய் தெரிந்து 13 ஆண்டு ஆகியிருந்தது.

இப்போது என் அப்பா. 2018-இல் பேச்சு லேசாகக் குழறியது. தொண்டைப் பிரச்சினை என்று ஆறு மாதம் மருந்து சாப்பிட்டார். நரம்பு டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பேச்சு போய்விட்டது. நான் அந்தப் படத்தைப் பார்த்தது 2019-இல், ஒரு நடுராத்திரி, அப்பா பக்கத்து அறையில் தூங்கும்போது. முதல் பத்து நிமிடத்திலேயே நிறுத்திவிட்டேன். கிளீசன் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார், எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த யோசனை வரவில்லை. அப்பாவிடம் பதிவு செய்யக் குரல் மிச்சமில்லை. மிச்சப் படத்தைப் பார்க்க ஒரு வாரம் ஆனது.

எங்களுக்குக் கண் கருவி கிடைக்கவில்லை. காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் எழுத்து எழுதினோம். தமிழில் 247 எழுத்தையும் எழுதிக் கண்ணால் தேடவைக்க முடியாது. அதனால் மேலே உயிர் பன்னிரண்டு, கீழே மெய் பதினெட்டு. நான் விரலை நகர்த்திக்கொண்டே போவேன், சரியான எழுத்து வந்ததும் கண்ணை இறுக மூடுவார். ஒருநாள் இரவு ‘ப்’ என்றதும் கண்ணை மூடினார். “பசிக்குதாப்பா? பாலா? பாய் மாத்தணுமா?” என்று நானே அடுக்கினேன். பார்வையை விலக்கிக்கொண்டார். பொறுமையாக மேல்வரிசைக்குப் போனேன். ‘ஏ’. திரும்பக் கீழே. ‘ன்’. பேன். ஃபேன்! கரண்ட் போய் வந்ததில் சுவிட்சைப் போட மறந்திருக்கிறேன். வியர்வை காதுக்குள் இறங்கியிருந்தது. அன்றிலிருந்து இடையில் குறுக்கிட்டு ஊகிப்பதை விட்டேன். அவர் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் என்று தெரிந்ததால் இதைக் கேட்டிருந்தால், பேச்சு நன்றாக இருக்கும் இந்த வாரமே பதிவு செய்யுங்கள். கணினிக் குரல் உருவாக்குவது ஒரு வழி, அதற்கு நிறைய வாக்கியம் படிக்க வேண்டும், சீக்கிரம் களைப்பு வரும். அது முடியாவிட்டாலும் ஃபோனில் அவர்கள் தினமும் சொல்வதை அப்படியே பிடித்து வையுங்கள். கூப்பிடும் விதம், அதட்டல், சாமி கும்பிடும்போது முணுமுணுப்பது, சிரிப்பு. பெரிய அறிவுரைதான் வேண்டும் என்று நினைக்காதீர்கள்.

அப்பா 2021-இல் போய்விட்டார். என் மகள் 2020-இல் பிறந்தவள், தாத்தா பேசி ஒருநாளும் கேட்டதில்லை. அவர் குரல் என்று என்னிடம் இருப்பது பழைய வாட்ஸ்அப்பில் கிடைத்த 14 விநாடி மட்டும்: “பாப்பா, சிலிண்டர் வந்துடுச்சு. நானே கையெழுத்துப் போட்டுட்டேன். நீ அவசரமா ஓடி வர வேண்டாம், மெதுவா வா.” அவளுக்கு அது மனப்பாடம். செருப்பு மாட்டிக்கொண்டு நான் பின்னால் ஓடும்போது வாசலில் நின்று, அதே இழுப்போடு சொல்கிறாள், “மெதுவா வா.”