வாசலில் உள்ள காகமும் புத்தகத்தில் உள்ள காகமும்: கேள்வி பதில்

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் படப் புத்தகங்கள் வழியாக இயற்கையை அறிமுகப்படுத்துவது குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளும், குழந்தைகள் நூலகம் ஒன்றை நடத்திவரும் நம் உறுப்பினர் அவற்றுக்கு அளித்த பதில்களும்.

கேள்வி: அம்மா, என் மகனுக்கு 9 மாதம் ஆகிறது. புத்தகத்தைத் திறந்தால் படத்தில் இருக்கும் பூனையைக் கையால் பிடுங்கப் பார்க்கிறான். வரவில்லை என்றதும் தாளைக் கசக்கிவிடுகிறான். இந்த வயதில் புத்தகம் காட்டுவதில் பயன் உண்டா? (திருச்சியிலிருந்து ஒரு தந்தை)

பதில்: பயன் உண்டு. அவன் செய்வது குறும்பு அன்று, ஆராய்ச்சி. அமெரிக்க உளவியலாளர் ஜூடி டிலோச்சும் அவருடன் பணியாற்றியவர்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாதக் குழந்தைகள் படத்தில் உள்ள பொருளைத் தடவியும் கிள்ளியும் எடுக்க முயல்வதையும், 19 மாத அளவில் அந்த முயற்சி குறைந்து விரலால் சுட்டிக்காட்டத் தொடங்குவதையும் பதிவு செய்திருக்கிறார்கள். ஐவரி கோஸ்ட் நாட்டுக் குழந்தைகளும் அமெரிக்கக் குழந்தைகளைப் போலவே படத்தைப் பிடுங்க முயன்றார்கள் என்பதையும் அதே ஆய்வு காட்டியது. படம் என்பது வேறொன்றைக் குறிக்கும் பொருள் என்பதைப் பிள்ளை தொட்டுப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. ஆகவே கிழியாத கெட்டி அட்டைப் புத்தகமாக, பக்கத்துக்கு ஓர் உயிர் மட்டும், பின்னணியில் அலங்காரம் ஏதும் இல்லாமல், உள்ளது உள்ளபடி வரையப்பட்டதாகவோ நல்ல நிழற்படமாகவோ இருப்பதை வாங்குங்கள். தெருவில் பூனை வந்தால் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அதே பக்கத்தைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: எங்களிடம் உள்ள புத்தகங்கள் எல்லாம் உறவினர்கள் பரிசாகத் தந்தவை. பனிக்கரடி, பென்குயின், ஒட்டகச்சிவிங்கி, ஆப்பிள் மரம், பனி பெய்யும் வீடு என்றே இருக்கின்றன. நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறோம். மூன்று வயது மகளுக்கு எதிலிருந்து தொடங்கலாம்? (ஒரு தாய்)

பதில்: காகத்திலிருந்து தொடங்குங்கள். அதன்பின் அணில், பல்லி, எறும்பு, தவளை, மைனா, கொக்கு, தவிட்டுக்குருவி என்று வாசலில் இருந்து வயல் வரைக்கும் போகலாம். பனிக்கரடியை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் பார்க்கவே முடியாத உயிரைப் படத்தில் மட்டும் அறியும் குழந்தைக்கு, படம் சரியா தவறா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். காகத்தைப் பற்றிய புத்தகமாக இருந்தால் அந்த வாய்ப்பு நாள்தோறும் கிடைக்கும். கழுத்து சாம்பல் நிறமாக இருப்பது வீட்டுக் காகம், உடல் முழுக்கக் கறுத்து அலகு தடித்திருப்பது அண்டங்காக்கை. இந்த வேறுபாட்டை ஒரு பக்கத்தில் காட்டிவிட்டால், மறுநாள் காலையில் உங்கள் மகளே கூரையைப் பார்த்து உங்களுக்குச் சொல்வாள்.

எங்கே வாங்குவது என்று பலரும் கேட்டிருப்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1957-இல் தொடங்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட் குறைந்த விலையில் தமிழிலும் குழந்தை நூல்களை வெளியிட்டுவருகிறது. சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் நம் மண்ணின் செடிகொடிகளும் விலங்குகளும் இடம்பெறும் படப் புத்தகங்களைத் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் தருகிறது. பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் 2015 முதல் கதைகளைக் காசில்லாமல் படிக்கலாம், பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். அங்கே யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம் என்பதால் தமிழ் நடை கதைக்குக் கதை மாறுபடும். பிள்ளைக்கு வாசிக்கும் முன் நீங்கள் ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது.

கேள்வி: சட்டை போட்ட முயல், பள்ளிக்கூடம் போகும் கரடி போன்ற கதைகள் குழந்தையின் இயற்கை அறிவைக் கெடுக்குமா? பாட்டி வடை சுட்ட கதையையே நிறுத்திவிட வேண்டும் என்று என் கணவர் வாதிடுகிறார். (மதுரையிலிருந்து ஓர் ஆசிரியை)

பதில்: உங்கள் கணவரின் கவலையில் ஒரு பங்கு நியாயம் உண்டு. பட்ரீஷியா கனியா என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், விலங்குகளை மனிதரைப் போலப் பேசவும் நினைக்கவும் வைக்கும் நடையில் எழுதிய புத்தகங்களைக் கேட்ட குழந்தைகளிடம், உண்மை விலங்குகளுக்கும் மனித இயல்புகளை ஏற்றிச் சொல்லும் போக்கு மிகுந்திருந்தது. அந்த விலங்கைப் பற்றிய செய்திகளையும் அவர்கள் குறைவாகவே கற்றுக்கொண்டார்கள். ஆனால் இதிலிருந்து வடை கதையை நிறுத்த வேண்டும் என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். அந்தக் கதை ஏமாறுவதைப் பற்றியது, காகத்தைப் பற்றியது அன்று. அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் காகத்தை அறியாமல் போய்விடவில்லை, ஏனென்றால் காகம் அவர்கள் கண்முன்னே இருந்தது. நரியைக் கண்ணால் பார்த்திராத இன்றைய பிள்ளைக்கு அந்த ஒரு கதைதான் நரியைப் பற்றிய முழு அறிவு என்று ஆகிவிடும்போது சிக்கல் வருகிறது. கதைக்குக் கதை இருக்கட்டும். அதற்கு இணையாக, நரி உண்மையில் என்ன தின்னும், எங்கே உறங்கும் என்று காட்டும் ஒரு புத்தகமும் வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி: ஒரு படப் புத்தகம் இயற்கையைச் சரியாகக் காட்டுகிறதா என்று துறை அறிவு இல்லாத நம்மைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? (கோவையிலிருந்து ஒரு பெற்றோர்)

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன், ஏனென்றால் கடையில் நின்றபடியே ஐந்து நிமிடத்தில் செய்துவிடக்கூடிய சோதனை இது. முதலில் கால்களை எண்ணுங்கள். சிலந்திக்கு எட்டுக் கால், எறும்புக்கு ஆறு. எறும்பின் ஆறு கால்களும் உடலின் நடுப்பகுதியிலிருந்துதான் கிளம்பும். பல படங்களில் அவை வயிற்றுப் பகுதியில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். தலைப்பிரட்டை தவளையாக வளரும் பக்கம் இருந்தால், பின்னங்கால்கள் முதலில் தோன்றுகின்றனவா என்று பாருங்கள். முன்னங்கால்கள் முதலில் வந்திருந்தால் ஓவியர் குளத்தங்கரைக்குப் போகவில்லை என்று பொருள். பனிக்கரடியும் பென்குயினும் ஒரே பனிப்பாறையில் நின்றால் அந்தப் புத்தகத்தைத் திரும்ப வைத்துவிடலாம். முன்னது வட துருவப் பகுதியில் வாழ்வது, பின்னது தென் அரைக்கோளத்துப் பறவை.

அடுத்ததாக ஆண், பெண் வேறுபாட்டைப் பாருங்கள். தூக்கணாங்குருவிக் கதைகளில் தாய்க்குருவி கூடு பின்னிக்கொண்டிருக்கும். உண்மையில் பனை ஓலையிலும் கிணற்றை ஒட்டிய மரக்கிளையிலும் நாரைக் கிழித்து வந்து பின்னுவது, இனப்பெருக்கக் காலத்தில் தலை மஞ்சளாக மாறும் ஆண் குருவி. பாதி பின்னிய கூட்டைப் பெண் குருவி வந்து பார்த்துப் பிடித்திருந்தால்தான் ஆண் மீதியை முடிக்கும். குயிலிலும் இப்படித்தான்: கூவுவதாகப் பாட்டிலும் கதையிலும் நாம் பெண்ணாக்கி வைத்திருப்பது கரிய நிற ஆண், பெண் குயில் பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகளோடு இருக்கும், தன் முட்டையைக் காகத்தின் கூட்டில் இடும். ஒரு படப் புத்தகத்தில் பெண் குயிலைப் புள்ளிகளோடு பார்த்தால் நான் விலையைக்கூடப் பார்க்க மாட்டேன்.

பட்டாம்பூச்சிப் பக்கத்தையும் தவறாமல் திறந்து பாருங்கள். பட்டு இழையால் உருண்டைக் கூடு கட்டுவது பெரும்பாலும் அந்துப்பூச்சிகளின் வழக்கம். நாம் தோட்டத்தில் பார்க்கும் பட்டாம்பூச்சிகளின் கூட்டுப்புழுவுக்கு அப்படி ஒரு போர்வை கிடையாது. புழு எதையும் தின்று வளர்வதாகக் காட்டுவதும் தவறு. உங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியையே எடுத்துக்கொள்ளுங்கள். இளம் இலையில், பறவை எச்சம் விழுந்தது போலப் பழுப்பும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் தட்டிவிடாதீர்கள். அது நாரகக் காளி போன்ற பட்டாம்பூச்சியின் இளம் புழுவாக இருக்கலாம். வளர்ந்ததும் இலையோடு இலையாகப் பச்சை நிறத்துக்கு மாறிவிடும். குச்சியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல் பிரிந்த செந்நிறக் கொம்பு ஒன்றை வெளியே நீட்டும், வாடையும் அடிக்கும். பின்பு ஒரு காம்பில் நிமிர்ந்து நின்று, இடுப்பைச் சுற்றி ஒரே ஓர் இழையைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். இத்தனையும் ஒரு மாதத்துக்குள் நடந்து முடிந்துவிடும் என்பதால், செடியையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க மூன்று வயதுப் பிள்ளைக்கும் பொறுமை இருக்கும்.

நிலாவையும் மறந்துவிட வேண்டாம். பிறை நிலாவின் இரு கொம்புகளுக்கு இடையே நட்சத்திரம் வரைந்திருப்பார்கள். இருண்டு தெரியும் அந்தப் பகுதியும் நிலாதான் என்பதால் அங்கே நட்சத்திரம் தெரிய வழியே இல்லை. மேலும், நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நம் ஊர்களில் மாலைப் பிறை பெரும்பாலும் படகு போலச் சாய்ந்தே தெரியும். நிமிர்ந்து நிற்கும் பிறை வடக்கு நாடுகளின் வானத்திலிருந்து படத்துக்கு வந்தது.

கேள்வி: கோண்டு, வார்லி என்னும் பழங்குடி ஓவியப் பாணிகளில் வரும் புத்தகங்கள் அழகாக இருக்கின்றன. மரத்துக்குள் மான் இருக்கிறது, மீனுக்குள் கோலம் இருக்கிறது. நீங்கள் சொல்லும் கணக்கில் இவையும் தவறா? (புதுச்சேரியிலிருந்து ஓர் ஓவியர்)

பதில்: இல்லை. தவறான படம் வேறு, வேறு விதமாகப் பார்த்த படம் வேறு. கோண்டு ஓவியர் தான் வாழும் காட்டின் மரத்தை நன்றாக அறிந்தபின் அதற்குள் மானை வைக்கிறார். ஆறுகால் சிலந்தி வரைந்தவர் சிலந்தியைப் பார்க்கவே இல்லை. சென்னையின் தாரா புக்ஸ் இத்தகைய ஓவியர்களுடன் சேர்ந்து உருவாக்கிய கையச்சுப் புத்தகங்கள் உலகெங்கும் பாராட்டப்பட்டவை. ஆனாலும் இரண்டு வயதுக் குழந்தைக்கு அவற்றை முதல் புத்தகமாகத் தர மாட்டேன். நான்கு வயதுக்கு மேல், உண்மை மரத்தை ஓரளவு பார்த்துப் பழகிய பிறகு தந்தால், பிள்ளை அந்தக் கற்பனையை ரசிக்கும்.

கேள்வி: தட்டினால் குரல் கொடுக்கும் புத்தகம், திறந்தால் எழுந்து நிற்கும் படம், கைப்பேசிச் செயலி, இவற்றில் எது நல்லது? (சென்னையிலிருந்து ஒரு தாய்)

பதில்: கற்றுக்கொள்வதற்கு என்றால் சாதாரணத் தாள் புத்தகமே நல்லது. மடிப்பும் இழுப்பும் நிறைந்த புத்தகங்களைவிட எளிய படங்கள் கொண்ட புத்தகங்களிலிருந்தே சிறு குழந்தைகள் விலங்குகளின் பெயரையும் செய்தியையும் நன்றாகக் கற்றார்கள் என்று 2010-இல் ஓர் ஆய்வு காட்டியது. இழுத்துப் பார்ப்பதில் கவனம் போய்விடுகிறது. பறவைக் குரலை மட்டும் கைப்பேசியில் கேட்க வைக்கலாம், திரையை மூடிவைத்துவிட்டு.

கேள்வி: அங்கன்வாடியில் பணிபுரிகிறேன். இருபது பிள்ளைகள், இரண்டே புத்தகங்கள். என்ன செய்யலாம் அம்மா? (தருமபுரி மாவட்டம்)

பதில்: இரண்டு புத்தகம் ஒரு மாதத்துக்குப் போதும் அம்மா. பிள்ளைகளை அரைவட்டமாக உட்காரவைத்து, புத்தகத்தை உங்கள் தோளுக்குப் பக்கத்தில், பக்கம் அவர்களைப் பார்த்தபடி பிடித்துக்கொள்ளுங்கள். எழுத்தை வாசிப்பதற்கு முன்னால் படத்தை மட்டும் காட்டிக் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். பிள்ளைகள் தாமாகச் சொல்லட்டும். ‘இது என்ன?’ என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடும். ‘இந்தக் கொக்கு ஏன் ஒரே காலில் நிற்கிறது?’ என்று கேட்டால் இருபது பிள்ளைகளும் இருபது காரணம் சொல்வார்கள், சிலர் எழுந்து நின்றே காட்டுவார்கள். ஒரே புத்தகத்தை வாரம் முழுதும் வாசித்து, ஒவ்வொரு நாளும் ஒரு பக்கத்தில் உள்ளதை வெளியே போய்த் தேடுங்கள்.

மூன்றாவது புத்தகத்தை நீங்களே செய்துகொள்ளலாம். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் உதிர்ந்த இலைகளையும் இறகையும் புளியங்கொட்டையையும் ஒட்டி, பிள்ளைகள் சொன்ன வாக்கியத்தை அவர்கள் பேசும் மொழியிலேயே கீழே எழுதி, ஓரத்தைத் தைத்துவிடுங்கள். சேகரிக்கும்போது எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. அரளி, குன்றிமணி, ஆமணக்கு விதை இவற்றைக் கையில் எடுக்கவே விடாதீர்கள், அவை நஞ்சுடையவை. பூனைக்காலியின் சுணை உடம்பெல்லாம் அரிப்பெடுக்க வைக்கும்.

கேள்வி: நான்கு வயதுப் பேரன் பாம்புப் படம் வந்தால் அந்தப் பக்கத்தையே திருப்பச் சொல்கிறான். பயத்தைப் போக்க அடிக்கடி காட்டலாமா? (நாகர்கோவிலிலிருந்து ஒரு தாத்தா)

பதில்: வற்புறுத்த வேண்டாம் ஐயா. கோரைப்பல்லும் சிவந்த கண்ணுமாகச் சீறும் படமாக இருந்தால் பயப்படுவது இயல்பே. சாரைப்பாம்பு வரப்பில் வெயில் காய்வதாகவோ எலி வளைக்குள் நுழைவதாகவோ உள்ள அமைதியான படம் கிடைத்தால், அவன் விரும்பும்போது மட்டும் காட்டுங்கள். பாம்பு பால் குடிக்காது, எலியையும் தவளையையும் தின்னும் என்று சொல்லலாம். ஆனால் எது நஞ்சுள்ளது, எது இல்லாதது என்று இந்த வயதில் கற்பிக்காதீர்கள். எந்தப் பாம்பைக் கண்டாலும் நின்று, பின்வாங்கி, பெரியவர்களைக் கூப்பிட வேண்டும் என்பது மட்டும் அவன் மனத்தில் பதிந்தால் போதும்.

கேள்வி: நாங்கள் டொராண்டோவில் இருக்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து வரவழைத்த புத்தகங்களில் பனையும் அணிலும் வருகின்றன. பிள்ளை வெளியே பார்ப்பது மேப்பிள் மரத்தை. தமிழ்ப் புத்தகம் காட்டினால் இயற்கை அந்நியமாகிவிடுகிறது, ஆங்கிலப் புத்தகம் காட்டினால் தமிழ் போய்விடுகிறது. (ஒரு தாய்)

பதில்: இரண்டையும் ஒரே மேசையில் வையுங்கள். தமிழ்ப் புத்தகத்து அணிலின் முதுகில் மூன்று கோடுகள் இருக்கும். உங்கள் பூங்காவில் ஓடும் அணிலுக்குக் கோடு கிடையாது, உருவமும் பெரியது. அங்கே சாம்பல் நிறத்திலும் கறுப்பு நிறத்திலும் தெரிபவை ஒரே இனத்து அணில்கள் என்பது பல பெரியவர்களுக்கே தெரியாத செய்தி. உங்கள் பிள்ளை அதைத் தமிழில் அம்மம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லட்டும். ஆங்கிலப் புத்தகத்தின் படத்தைப் பார்த்தபடி நீங்கள் தமிழில் கதை சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை. ப்ளூ ஜே என்ற பறவைக்குத் தமிழ்ப் பெயர் தேடி அலையவும் வேண்டாம், அதை ப்ளூ ஜே என்றே சொல்லி, அதன் கொண்டை, வால், நீலச் சிறகு, கத்தும் விதம் எல்லாவற்றையும் தமிழில் பேசுங்கள்.

கேள்வி: ஒரே மீன்கொத்திப் புத்தகத்தைத்தான் தினமும் வாசிக்கச் சொல்கிறாள். புதிதாக எதையும் தொட மறுக்கிறாள். (ஈரோட்டிலிருந்து ஒரு தந்தை)

பதில்: வாசியுங்கள். அலுப்பு உங்களுக்குத்தான், அவளுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாய்க்கால் கரைப் பக்கம் மின்கம்பியில் பாருங்கள். வெண்மார்பு மீன்கொத்தி தண்ணீரிலிருந்து தள்ளியும் உட்காரும், வெட்டுக்கிளியையும் ஓணானையும்கூடப் பிடிக்கும். அந்தப் புத்தகத்தில் மீன் மட்டும்தான் இருக்கிறது என்றால், அதைக் கண்டுபிடித்து உங்களிடம் புகார் சொல்லப்போவது அவள்தான்.