உப்பளத்துக் கை வெடிப்பு: களிம்பை நிறுத்தியதும் ஏன் திரும்ப வருகிறது?

கேள்வி: என் தாயார் வாலிநோக்கம் பக்கத்தில் உள்ள உப்பளத்தில் பல ஆண்டுகளாக உப்பு வாரும் வேலை செய்கிறார். இரண்டு உள்ளங்கைகளும் விரல் மடிப்புகளும் வெடித்து இரத்தம் கசிகிறது. மருந்துக் கடையில் கொடுத்த களிம்பைப் பூசினால் ஒரு வாரத்தில் ஆறுகிறது. நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வெடிக்கிறது. இது உப்பு ஒவ்வாமை, வேலையை விட்டுவிடுங்கள் என்கிறார் கடைக்காரர். சந்தைக்கு வரும் மருந்து வியாபாரி ஒருவரோ, இரத்தம் கெட்டுவிட்டது, சுத்தம் செய்ய வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்கிறார். நாங்கள் என்ன செய்வது?

தோல் மருத்துவரின் பதில்:

உங்கள் தாயார் வேலையை விட வேண்டியதில்லை. இது உப்பு ஒவ்வாமையும் அல்ல, இரத்தம் கெட்டதும் அல்ல. சமையலில் உப்பை நாள்தோறும் உண்டு வாழும் உடம்புக்கு அதே உப்பு கையில் பட்டதும் ஒவ்வாமல் போய்விடாது. நடப்பது வேறு. உடம்பின் மற்ற பகுதிகளில் எண்ணெய் சுரந்து தோலைக் காக்கும் சுரப்பிகள் உள்ளங்கையில் கிடையாது. கடல்நீரில் உப்பு நூற்றுக்கு மூன்றரைப் பங்குதான்; ஆனால் உப்பு விளையும் பாத்தியில் நிற்கும் நீரில் அது ஏறக்குறைய கால் பங்கு. கருவாட்டுக்கு உப்புத் தடவும்போது அது மீனின் நீரை எப்படி வெளியே இழுக்கிறதோ அப்படியே கைத்தோலின் ஈரத்தையும் இழுத்துவிடுகிறது. ஈரம் போன தோல் வளைந்து கொடுக்காது. அந்த நிலையில் உப்பு வாரும் பலகைக் கம்பை இறுகப் பிடித்து நாள் முழுவதும் இழுத்தால், மடிப்பு இருக்கும் இடமெல்லாம் பிளந்துகொள்ளும். உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீர் அந்தப் பிளவில் இறங்கும்போது எரிச்சல் இரட்டிப்பாகிறது. மாலையில் வீடு திரும்பியதும் துணி சோப்பும் பாத்திரம் துலக்கும் பொடியும் மிச்சமிருந்த பசையையும் கழுவிவிடுகின்றன.

இனி அந்தக் களிம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் பெயர் எழுதவில்லை. ஒரு வாரத்தில் ஆறி, நிறுத்தியதும் பழையபடி வெடிக்கும் களிம்பு என்றால் அதில் ஸ்டீராய்டு இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். டியூபின் மேல் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற சொற்களில் ஏதேனும் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீராய்டு, தோலின் வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும். இழந்த ஈரத்தையோ எண்ணெயையோ திருப்பித் தராது. ஆகவே வெடிப்பு மூடியதுபோலத் தெரியும், மூலக் காரணம் அப்படியே இருக்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிறு உரசலுக்கும் கிழியத் தொடங்கும். புறங்கையில் இது விரைவாகவே நேரும். உள்ளங்கைத் தோல் தடித்தது என்பதால் அங்கே சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான்.

இதில் மிகக் கெட்டது, மூன்று நான்கு மருந்துகளை ஒன்றாகக் கலந்து வரும் டியூப். படை, சொறி, வெடிப்பு, முகக் கருமை எதைக் காட்டினாலும் அதே டியூபை எடுத்து நீட்டும் கடைகள் இந்தக் கரையோரத்தில் ஊர்தோறும் இருக்கின்றன. தாய் கைக்கு வாங்கியதை மகள் முகத்துக்குப் பூசுவதும், பிறகு முகம் சிவந்து பருக்களும் மெல்லிய இரத்தக் குழாய்களும் தெரியும் நிலையில் எங்களிடம் வருவதும் நாங்கள் அடிக்கடி காண்பது. பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு 2018-இல் சேர்த்தது. டியூபிலும் அந்த எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது. ஆனால் கண்ணுக்கு எட்டாத சிறிய ஆங்கில எழுத்தில். உப்பளத்துப் பெண் ஒருவர் அதைப் படித்து விலகிக்கொள்வார் என்று யார் எதிர்பார்த்தார்களோ தெரியவில்லை. சட்டம் போட்டவர்கள் கடைகளைப் போய்ப் பார்க்கவும் வேண்டும். பாராத சட்டத்தின் பலனைத்தான் உங்கள் தாயாரின் கை அனுபவித்துக்கொண்டிருக்கிறது.

சந்தை வியாபாரிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இரத்தத்தைச் சுத்தம் செய்யச் சிறுநீரகமும் கல்லீரலும் இருக்கின்றன. அவற்றுக்கு அவருடைய லேகியம் தேவையில்லை. லேபிள் இல்லாத டப்பாவில் வரும் பச்சை, மஞ்சள் தைலங்களிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்; மூலிகை என்ற பெயர் அதற்கு ஒரு மறைப்பு. ‘பெரிய ஊரில் தெரிந்த டாக்டர் இருக்கிறார், நான் கூட்டிப் போகிறேன்’ என்று கிளம்பும் தரகரையும் இதே கணக்கில் வையுங்கள். வெடித்த கைக்கு ஸ்கேன் எதுவும் வேண்டாம்.

வேண்டியது வாசனையில்லாத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி, அதாவது சாதாரண வாசலின். காலையில் பாத்தியில் இறங்குமுன் உலர்ந்த கையில், விரல் இடுக்கு, நகக்கண், மடிப்பு எல்லாம் நிறையும்படி பூச வேண்டும். ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்கு எடுத்தால் ஒரு கையின் இரு பக்கத்துக்கும் போதும். பிடி வழுக்காமல் இருக்கக் கம்பில் பழைய பருத்தித் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். முழங்கை வரை நீண்ட ரப்பர் கையுறை, உள்ளே மெல்லிய பருத்தி உறையுடன் கிடைத்தால் நல்லது. ஆனால் உள்ளே உப்பு நீர் புகுந்துவிட்டால் உடனே கழற்றிக் கழுவிவிட வேண்டும். புகுந்த நீருடன் நாள் முழுவதும் போட்டிருப்பது வெறுங்கையைவிட மோசம்.

கழுவும் தண்ணீர்தான் இங்கே பெரிய சிக்கல். நம் கரையில் கிணற்று நீரே பல ஊர்களில் உவர்ப்பு. குடிநீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கும் வீட்டில், கை கழுவ நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. இருந்தும் சொல்கிறேன். இரண்டு லிட்டர் பாட்டிலில் நல்ல தண்ணீர் கொண்டுபோய், சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறையும் வேலை முடிந்ததும் ஒரு முறையும் கையை அலச வேண்டும். இதைக் கொடுக்க வேண்டியது உப்பளம் நடத்துபவர். டன் கணக்கில் உப்பை ஏற்றி அனுப்பும் இடத்தில் ஒரு தொட்டி நல்ல தண்ணீர் வைக்க முடியாது என்பதை நான் ஏற்க மாட்டேன். அலசிய கையைத் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முழுவதும் காய்வதற்குள் வாசலின் பூச வேண்டும். ஈரத்தின் மேல் பூசினால்தான் அந்த ஈரம் உள்ளேயே தங்கும். வாங்க முடியாத நாளில் தேங்காய் எண்ணெய் உதவும். சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் எலுமிச்சைச் சாறும் வேண்டவே வேண்டாம்.

இரவில் பாத்திர வேலை முடிந்தபின் தடிமனாகப் பூசி, பழைய பருத்திக் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு உறங்கட்டும். முடிந்தால் அந்தப் பாத்திரத்தையும் துணியையும் சில வாரங்களுக்கு நீங்களோ வீட்டில் உள்ள ஆண்களோ பார்த்துக்கொள்ளுங்கள். களிம்பைவிட இது கூடுதல் பலன் தரும். வெடிப்பு மூடியபின் ஓரங்கள் தடித்திருந்தால் பத்து சதவீத யூரியா கலந்த களிம்பு அவற்றை இளக்கும். திறந்த வெடிப்பில் பூசினால் எரியும். உள்ளங்கைத் தோல் முழுதாகப் புதுப்பித்துக்கொள்ள ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால், பத்து நாளில் பலனில்லை என்று விட்டுவிட வேண்டாம்.

ஒரே ஒரு விஷயத்தை நீங்கள் இன்றே உறுதி செய்துகொள்ள வேண்டும்: அந்த வெடிப்பு உங்கள் தாயாருக்கு வலிக்கிறதா? வலித்தால் நல்லது. ஆழமாகப் பிளந்து இரத்தம் வந்தும் வலி தெரியவில்லை என்றால் அது உப்பின் வேலை மட்டும் அல்ல. நீண்டகாலச் சர்க்கரை நோயில் கை மரத்துப் போகலாம். தொழுநோயிலும் மரத்துப் போகும். தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அது 2005-இல் நீங்கியதாக இந்தியாவில் அறிவித்தார்கள். அதன் பிறகும் புதிய நோயாளிகள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். தாயாரைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து அதன் நுனியால் சுண்டு விரலையும் மோதிர விரலையும் உள்ளங்கையையும் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கைச் சதை குழிந்திருக்கிறதா, சுண்டு விரல் நேராக நிமிராமல் இருக்கிறதா, உடம்பில் எங்கேனும் வெளிறிய அல்லது சிவந்த, தொடுவுணர்வு குறைந்த தேமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். தொட்ட இடத்தைக் காட்ட முடியாவிட்டாலோ இவற்றில் ஒன்று இருந்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். தொழுநோய்க்கான கூட்டு மருந்து அங்கே இலவசம். ஆறு அல்லது பன்னிரண்டு மாதம் விடாமல் சாப்பிட்டால் குணமாகும். மறைத்து வைத்தால்தான் விரல்கள் மடங்கிப் போகின்றன. ஸ்டீராய்டு களிம்பு அந்தத் தேமலின் சிவப்பையும் தடிப்பையும் மங்கச் செய்து நோயைக் கண்டறிவதைத் தள்ளிப்போடும் என்பது, நான் அந்த டியூபை வெறுப்பதற்கு இன்னொரு காரணம்.

சீழ், கை முழுவதும் வீக்கம், காய்ச்சல், மணிக்கட்டிலிருந்து மேலேறும் சிவப்புக் கோடு இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மற்றபடி ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் ஒரு முறை காட்டிவிடுங்கள். அந்த ஒரு நாள் கூலியை இழக்காமல் தோல் மருத்துவரைப் பார்க்கும் வசதியை உப்பளப் பக்கமே கொண்டுவர இத்தனை ஆண்டுகளில் யாருக்கும் தோன்றவில்லை. போகும்போது இதுவரை பூசிய எல்லா டியூபுகளையும், காலியானவற்றையும் சேர்த்து ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மாதக்கணக்கில் பூசிய ஸ்டீராய்டை ஒரே நாளில் விட்டால் வெடிப்பு சீறி எழும். எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று குறைத்து எப்போது நிறுத்துவது என்பதை அந்த டியூபுகளைப் பார்த்துத்தான் மருத்துவர் சொல்ல முடியும். வாசலினை அதுவரை காத்திருக்காமல் இன்றிரவே தொடங்கிவிடலாம்.