தமிழ்ப் பக்கம் ஏன் உடைகிறது? வடசென்னைக் கேள்வி பதில்

பல மொழிகளில் இணையதளம் வைத்திருப்பவர்கள் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். எண்ணூர் முதல் சவுகார்பேட்டை வரை கேள்விகள் வந்துவிட்டன. "மொழிபெயர்ப்பு சரியில்லை" என்று வந்தவற்றில் பெரும்பாலானவற்றில் மொழிபெயர்ப்பு நன்றாகவே இருக்கிறது. அதைச் சேமித்த இடமோ காட்டுகிற இடமோதான் கோளாறு. எதில் கை வைப்பதற்கு முன்னாலும் பேக்கப் எடுங்கள். இதை இன்னும் சில தடவை சொல்வேன்.

தண்டையார்பேட்டை, ஹார்டுவேர் கடை: அண்ணா, சர்வர் மாற்றிய பிறகு தமிழ் எல்லாம் கேள்விக்குறியாக வருகிறது. மறுபடி டைப் அடிக்க வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். டேட்டாபேஸில் அந்த நெடுவரிசையை ஹெக்ஸ் (பைட்டுகளை எண்ணும் எழுத்துமாகக் காட்டுவது) போட்டுப் பாருங்கள். 3எஃப் 3எஃப் என்று வரிசையாக வந்தால் உண்மையிலேயே கேள்விக்குறிதான் சேமிப்பில் இருக்கிறது. லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறிமுறை) என்று வைத்த நெடுவரிசையில் தமிழை ஏற்றியிருப்பார்கள், இடம் கொடுக்கத் தெரியாத மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டது. பழைய பேக்கப் தவிர வழியில்லை. இ0 ஏஇ என்று ஆரம்பித்தால் தமிழ் உயிரோடு இருக்கிறது, வெளியே வரும் வழியில்தான் அடிபடுகிறது. டேட்டாபேஸ் இணைப்பின் கேரக்டர் செட்டை, அதாவது எழுத்துக் குறிமுறையை, யூடிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள், சரியாகிவிடும்.

சிலருக்குக் கேள்விக்குறிக்குப் பதில், தலையில் கீற்று வைத்த ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தும் மாறி மாறி வரும். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அதை லத்தீனாகப் படித்தால் அந்தக் கீற்று ஏ திரும்பத் திரும்ப வராமல் என்ன செய்யும்? இதையும் மீட்கலாம், ஆனால் பிரதியில் சோதித்துவிட்டுத்தான். நேரடித் தளத்தில் எஸ்க்யூஎல் கட்டளை ஓட்டிவிட்டு எனக்குப் போன் செய்யாதீர்கள்.

வெறும் 'யூடிஎஃப்8' போதாதா என்று அடுத்து கேட்பீர்கள். மைஎஸ்க்யூஎல்லில் அந்தப் பெயருக்கு மூன்று பைட்தான் எல்லை. தமிழ் அடங்கிவிடும், எமோஜிக்கு நான்கு பைட் வேண்டும். ஸ்ட்ரிக்ட் மோட் (தப்பான தரவை ஏற்க மறுக்கும் அமைப்பு) இல்லாத சர்வராக இருந்தால் வாடிக்கையாளர் நடுவில் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டதும் அதற்குப் பின்னால் எழுதியது மொத்தமும் காணாமல் போகும்.

காசிமேடு, ஐஸ் கம்பெனி: வேர்ட்பிரஸில் எல்லா வரியையும் மொழிபெயர்த்துவிட்டோம் சார். பாதி இன்னும் ஆங்கிலத்திலேயே நிற்கிறது.

பிஓ ஃபைலை (மொழிபெயர்ப்பு வரிகளை எழுதும் ஃபைல்) திருத்தினால் மட்டும் போதாது, தளம் படிப்பது அதிலிருந்து உருவாக்கிய எம்ஓ ஃபைலை. அதை உருவாக்கியும் சில வரிகள் அடம்பிடித்தால், அவற்றின் மேல் 'ஃபஸி' (சரிபார்க்க வேண்டியது) என்று குறி இருக்கிறதா பாருங்கள். மூல வரியில் ஒரு புள்ளி மாறினால்கூட அந்தக் குறி விழும், விழுந்த வரியை எம்ஓவில் சேர்க்க மாட்டார்கள். படித்துப் பார்த்து, சரியென்றால் குறியை எடுத்துவிடுங்கள். மொழிபெயர்ப்பை பிளகின் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் கூடுதல் மென்பொருள்) ஃபோல்டருக்குள்ளேயே வைக்கவும் வேண்டாம். அடுத்த அப்டேட்டில் துடைத்துக்கொண்டு போய்விடும். லோகோ டிரான்ஸ்லேட் என்ற மொழிபெயர்ப்பு பிளகின் இதற்கென்றே தனி ஃபோல்டர் வைத்திருக்கிறது.

பெரம்பூர்: திருத்திவிட்டேன், ஆனாலும் பழைய வாசகமே வருகிறது.

கேஷை, அதாவது சேர்த்துவைத்த பழைய பக்க நகலை, காலி செய்யுங்கள்.

வியாசர்பாடி, டியூஷன் சென்டர்: மொழிக் குறியீடாக டி-என் கொடுத்திருக்கிறோம். கூகுள் ஏற்கவில்லை.

டி-என் என்பது தென்னாப்பிரிக்காவிலும் போட்ஸ்வானாவிலும் பேசும் ஸ்வானா மொழி. தமிழுக்கு டி-ஏ. ஹெச்ரெஃப்லாங் (பக்கத்தின் வேறு மொழி வடிவம் எங்கே என்று கூகுளுக்குச் சொல்லும் குறி) போடும்போது தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தைச் சுட்ட வேண்டும், ஆங்கிலப் பக்கமும் திருப்பிச் சுட்ட வேண்டும். ஒருதலைப்பட்சமாக இருந்தால் கூகுள் கண்டுகொள்ளாது.

மண்ணடி: உருதுப் பக்கத்தில் போன் நம்பரின் முன்பாதியும் பின்பாதியும் இடம் மாறுகின்றன.

வலமிருந்து இடமாகப் போகும் பக்கத்தில் இடைவெளி விட்டு எழுதிய எண் அப்படித்தான் புரளும். எண்ணை மட்டும் தனி டேக்கில் போட்டு, அதன் திசையை எல்டிஆர் (இடமிருந்து வலம்) என்று குறியுங்கள்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு, ஜவுளிக்கடை: தமிழ், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் வைத்திருக்கிறோம். மொழி மாற்றும் இடத்தில் கொடி வைக்கலாம் என்கிறார் டிசைனர். தமிழுக்கு எந்தக் கொடி?

எந்தக் கொடியும் வேண்டாம். முதல் மூன்றுக்கும் ஒரே மூவர்ணத்தை வைத்தால் வாடிக்கையாளர் எதை அமுக்குவார்? மொழியின் பெயரை அந்தந்த எழுத்திலேயே எழுதுங்கள்.

இதைச் சொன்னதுதான் தாமதம், ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். தமிழ்நாட்டு வரைபடம் வைக்கலாமே என்றார் திருவொற்றியூர்க்காரர். என் சித்தி யாழ்ப்பாணம், அக்கா சிங்கப்பூர், ரெண்டு ஊரிலும் தமிழ் ஆட்சிமொழி, அவர்களும் இதே கடையில்தான் புடவை எடுக்கிறார்கள் என்று ராயபுரத்து அம்மா ஒருவர் மடக்கினார். சரி, கோபுரம் என்றார் இன்னொருவர். "கோபுரம் போட்டால் தமிழ் பேசுகிற நாங்கள் எதை அமுக்குவது?" என்று மண்ணடி பாய் திரும்ப வந்தார். அவர் கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை.

சவுகார்பேட்டை நண்பர் கேட்டதில்தான் விஷயம் இருந்தது: எழுத்துத் தெரியாதவருக்குப் படம்தானே உதவும்? மொழியின் பெயரைப் படிக்க முடியாதவரால் உள்ளே இருக்கும் பக்கத்தையும் படிக்க முடியாது. அவருக்கு வேண்டியது கொடி இல்லை, கடைக்குப் போன் போடும் பெரிய பட்டன். அதைக் கண்ணில் படும்படி வையுங்கள்.

முதல் எழுத்து மட்டும் போட்டால் இடம் மிச்சமாகுமே என்று ஒருவர். இந்த நான்கு மொழிக்குச் சரி. நாளை கன்னடம் சேர்த்தால் தெலுங்கு அகரமும் கன்னட அகரமும் ஏறக்குறைய ஒரே முகம். கொடிப் பஞ்சாயத்து இத்துடன் முடிந்தது.

கொருக்குப்பேட்டை: சர்வர் மாற்றினோம், கேள்விக்குறியாக...

தண்டையார்பேட்டைக்குச் சொன்னதைப் படியுங்கள். பேக்கப்.

எண்ணூர், லாரி புக்கிங்: வருபவரின் ஐபி முகவரி பார்த்து இந்தியா என்றால் தமிழுக்கும், வெளிநாடு என்றால் ஆங்கிலத்துக்கும் தானாகத் தள்ளுகிறோம். தமிழ்ப் பக்கம் கூகுளில் வரவே இல்லை.

வராது. கூகுளின் பாட் (பக்கங்களைப் படிக்க வரும் நிரல்) பெரும்பாலும் அமெரிக்க ஐபியிலிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு முறையும் அதைப் பிடித்து ஆங்கிலத்துக்குத் தள்ளினால் தமிழை எங்கே பார்க்கும்? உங்கள் வாசலில் நிற்கும் பீகார் டிரைவருக்கும் நீங்கள் தமிழைத்தான் திணிக்கிறீர்கள். மேலே ஒரு பட்டை போட்டுக் கேளுங்கள், அவர் தேர்ந்ததை நினைவில் வையுங்கள், தள்ளாதீர்கள்.

மூலக்கடை: தளத்தில் தமிழ் நன்றாக இருக்கிறது. பிடிஎஃப் பில்லில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது.

இது நல்ல கேள்வி. யூனிகோடில் 'செ' சேமிக்கப்படுவது முதலில் ச, அப்புறம் கொம்பு என்ற வரிசையில். கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது காட்டுகிற மென்பொருளின் வேலை. பிரவுசர் அதைச் செய்கிறது, பிடிஎஃப் உருவாக்கும் டாம்பிடிஎஃப் செய்வதில்லை. எம்பிடிஎஃப் என்ற இன்னொரு மென்பொருளுக்கு மாறி, எழுத்துகளை இடம் மாற்றி அமைக்கும் ஓடிஎல் வசதியைத் தமிழ் எழுத்துருவுக்கு இயக்குங்கள். கொம்பை முன்னால் டைப் அடித்து ஏமாற்றப் பார்ப்பவர்கள் உண்டு. பில் அழகாக வரும், அந்தப் பெயரை அப்புறம் தேடினால் கிடைக்காது.

கொடுங்கையூர்: திருத்திவிட்டேன், பழையதே வருகிறது.

பெரம்பூரைப் பாருங்கள் தம்பி.

தங்கசாலை, பிரஸ் வைத்திருப்பவர்: நோட்டீஸுக்கு அடித்த தமிழை அப்படியே தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது.

பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். அதில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், தமிழ் முகம் எழுத்துருவில் மட்டும். கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாக்குங்கள். நடுவில் இருக்கும் ஆங்கில வார்த்தைகளையும் இமெயிலையும் சேர்த்துத் தமிழாக்கிவிடும், அவற்றை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.