சிவப்பு நெஞ்சு மட்டும் போதாது: வலசைக் குருவிகள் கேள்வி-பதில்

ஒக்டோபர் பிறந்துவிட்டால் வரும் கடிதங்களில் பாதி காஷ்மீர் ஈபிடிப்பான் என்ற ஒரே குருவியைப் பற்றித்தான் இருக்கும். நல்லதுதான். ஆனால் மாதம், இடம், உயரம், வாலை என்ன செய்தது ஆகிய நான்கும் இல்லாமல் எழுதாதீர்கள். போன வருடமும் இதையே சொன்னேன்.

சின்னக் குருவி, நெஞ்சு சிவப்பு. என்ன பறவை? (தலவாக்கலை)

எந்த மாதம்? தேயிலைக்குள்ளா, காட்டோரத்திலா? மேலே உள்ள நான்கு வரியை வாசித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

டிசம்பரில் நுவரெலியா விக்டோரியா பூங்காவில் பார்த்தேன். முதுகு சாம்பல், தொண்டையிலிருந்து விலா வரை செங்கல் நிறம். தாழ்ந்த கிளையில் இருந்து வாலை அடிக்கடி மேலே உதறியது. செம்மார்பு ஈபிடிப்பானா, காஷ்மீர் ஈபிடிப்பானா? (ஹட்டன், ஆசிரியை)

கடிதம் என்றால் இப்படி இருக்க வேண்டும், டீச்சர். நீங்கள் பார்த்தது காஷ்மீர் ஈபிடிப்பான், ஆண். அடுத்த முறை கழுத்தின் பக்கங்களைப் பாருங்கள்: சேலைக்குக் கரை வைத்ததுபோல் சிவப்பின் ஓரத்தில் கறுப்பு ஓடும். செம்மார்புக்கு அந்தக் கரை கிடையாது, சிவப்பும் தொண்டைப் பக்கத்தோடு நின்றுவிடும். வாலடியின் இரு பக்கமும் தெரியும் வெள்ளை இரண்டுக்கும் பொது. அதை வைத்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள். காஷ்மீர் ஈபிடிப்பானில் பெண்ணுக்கு முதுகு பழுப்பு, தொண்டையில் சிவப்பு மங்கலாக, திட்டுத் திட்டாக இருக்கும். இளம் ஆணும் கிட்டத்தட்ட அப்படியே தெரியும் என்பதால், மங்கலாக இருப்பதையெல்லாம் பெண் என்று எழுதிவிட வேண்டாம்.

இது குஞ்சு பொரிப்பது வடமேற்கு இமயத்தில். குளிர்காலத்துக்கு நம் மலைநாட்டுக்கும் இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இறங்குகிறது. எப்படிக் கணக்குப் போட்டாலும் 3,000 கிலோமீட்டர். உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலிலும் இருக்கிறது.

நான் அனுப்பிய படத்தில் உள்ள குருவியைக் கைபேசிச் செயலி "ஐரோப்பிய ரொபின்" என்கிறதே? (நோர்வூட்)

நீங்கள் நோர்வூட்டில் நிற்பது அதற்குத் தெரிந்திருக்காது. இடத்தைக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். ரொபின் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டையில்தான் இலங்கைக்கு வந்தது. அதன் சிவப்பு நெற்றி வரை ஏறும். உங்கள் படத்தில் உள்ளதற்கு நெற்றி சாம்பல்.

ஸ்பீக்கரில் குரலைப் போட்டால் காஷ்மீர் ஈபிடிப்பான் உடனே முன்னால் வந்து நிற்குமாம். எந்தப் பதிவு நல்லது? (கண்டி)

எந்தப் பதிவும் நல்லதில்லை, தம்பி. வரும் என்பது உண்மைதான். ஏன் வருகிறது என்று யோசித்தீர்களா? குளிர்காலத்திலும் இந்தக் குருவி தனக்கென்று ஒரு துண்டு இடத்தைப் பிடித்து வைத்துக் காக்கிறது. நான்கைந்து மரம், ஓர் ஓடைக்கரை, அவ்வளவுதான். அந்த எல்லைக்குள் தன் இனத்தின் குரல் கேட்டால், வேறொன்று இடத்தைப் பறிக்க வந்துவிட்டது என்று நினைத்து இரையை விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது. உங்களைப் பார்க்க வரவில்லை.

அதன் எடை ஏறக்குறைய 10 கிராம். 6,000 அடிக்கு மேல், ஜனவரியில் பனி கொட்டும் இரவைத் தாண்ட அது பகலெல்லாம் பூச்சி பிடித்தாக வேண்டும். மார்ச்சில் கிளம்புவதற்கு முன் உடம்பில் கொழுப்பும் சேர வேண்டும். காலையில் ஒரு கூட்டம் கால் மணி நேரம் குரலைப் போடும், அது போனதும் அடுத்தது வரும். பூங்காவின் ஒரே மூலையில், ஒரே குருவிக்கு, ஒரு பருவம் முழுக்க இந்தத் தொல்லை. இல்லாத எதிரியைத் தேடி அது கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருக்கும். சுற்றி நிற்பவர்கள் "நல்லா போஸ் குடுக்குது" என்பார்கள். காசு வாங்கிக்கொண்டு கூட்டிவரும் வழிகாட்டிகளில் சிலரும் இதைச் செய்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். ஸ்பீக்கரை எடுப்பவர் யாராக இருந்தாலும் "வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

குருவியைப் பார்க்க வழி சுலபம். காலை ஏழு மணிக்குள் ஓடைப் பக்கம் போய் உட்காருங்கள். 'சக்' என்று வெட்டினாற்போல் ஒரு குரல் கேட்கும். குளிர்காலத்தில் அதன் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான். அசையாமல் இருந்தால் தானாகத் தரைக்கு இறங்கும்.

தண்ணீர்ப் பீலிக்கரைக்கு வரும் மஞ்சள் வயிற்று வாலாட்டி, நிறுத்தியிருக்கும் வான் வண்டியின் கண்ணாடியைக் கொத்திக்கொண்டே இருக்கிறது. (பொகவந்தலாவை)

சாம்பல் வாலாட்டி. தன் உருவத்தோடு சண்டை போடுகிறது. கண்ணாடியைத் துணியால் மூடிவிடுங்கள், ஓய்ந்துவிடும். வாலை மேலும் கீழும் ஆட்டினால் இது. உடம்பைப் பக்கவாட்டில் ஆட்டினால் காட்டு வாலாட்டி.

ஆறுமணிக் குருவி ஒன்று ஒக்டோபரில் லயத்துக்குள் வந்து விழுந்தது. சோறும் தண்ணீரும் ஊட்டினோம், செத்துவிட்டது. (மஸ்கெலியா)

வந்த களைப்பில் அவை வீடுகளுக்குள் விழுவது வருடா வருடம் நடப்பது. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சோறு அதன் உணவே இல்லை. காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், ஓரிரு மணி நேரம் வையுங்கள். பிள்ளைகள் திறந்து திறந்து பார்க்கக் கூடாது. தெளிந்ததும் புதர் ஓரமாக விட்டுவிடுங்கள். பூனையைக் கட்டிப் போடுங்கள்.

உடவத்தகெலேயில் பார்த்த பழுப்பு ஈபிடிப்பான்கள் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. (கட்டுகஸ்தோட்டை)

காலைப் பாருங்கள். கறுப்புக் கால் என்றால் ஆசியப் பழுப்பு ஈபிடிப்பான். வெளிறிய கால், கீழலகு மஞ்சள், நெஞ்சில் பழுப்புப் பூச்சு என்றால் பழுப்பு மார்பு ஈபிடிப்பான். பின்னதன் அறிவியல் பெயரில் 'முத்துயி' என்று வரும். பருத்தித்துறையில் அந்தப் பறவையைக் கொண்டுவந்து கொடுத்த தன் வேலையாள் முத்துவின் பெயரையே பறவை ஆய்வாளர் லெயார்ட் 1854இல் அதற்கு வைத்தார். துரைமார் பெயர் தாங்கிய பறவைகளுக்கு நடுவே இது ஒன்றாவது நம்மவர் பெயரில் இருக்கிறது.

ஏப்ரலில் ஹக்கலைக்கு அருகே காஷ்மீர் ஈபிடிப்பான் கூடு கண்டேன். படம் அனுப்பட்டுமா? (வெலிமடை)

அனுப்ப வேண்டாம். கூட்டுக்குக் கிட்டப் போய்ப் படமும் எடுக்க வேண்டாம். அது இங்கே கூடு கட்டுவதில்லை. மார்ச் கடைசிக்குள் கிளம்பிவிடும். நம் மலையிலேயே வாழும் கருநீல ஈபிடிப்பானின் கூடாக இருக்கலாம்.

பிடித்துக் கூண்டில் வைத்தால் பாடுமா? (பதுளை)

பாடாது. சாகும். பிடிப்பது குற்றமும்கூட.